உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது வேறு

1829-இல் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலர் குதிரையின் சிறுநீரிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் குதிரைக்கு ‘ஹிப்போஸ்’ என்று பெயர். அதை வைத்து ‘ஹிப்யூரிக் அமிலம்’ என்று அழைத்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, கோட்டிங்கன் நகரில் ஃபிரீட்ரிஷ் வோலரின் ஆய்வகத்தில் இருந்த வில்ஹெல்ம் கெல்லர், ஒரு நாள் மாலை சுமார் 2 கிராம் பென்சாயிக் அமிலத்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து விழுங்கினார். மறுநாள் காலைச் சிறுநீரைப் பிடித்து ஆராய்ந்தார். அதிலிருந்து படிகங்கள் கிடைத்தன. ஆனால் அவை அவர் விழுங்கிய பென்சாயிக் அமிலம் அல்ல. லீபிக் குதிரையிடம் கண்ட அதே ஹிப்யூரிக் அமிலம்.

இதற்கு ஓராண்டு முன்பே லண்டன் மருத்துவர் அலெக்சாண்டர் யூர் இதே மாற்றத்தைப் பார்த்திருந்தார். அவருடைய அக்கறை கீல்வாதத்தின் மேல் இருந்தது. பென்சாயிக் அமிலம் கொடுத்தால் உடலிலுள்ள யூரிக் அமிலம் குறையும் என்று நம்பினார். கெல்லரின் சோதனை அந்த நம்பிக்கையைத் தகர்த்தது, யூரிக் அமிலம் குறையவே இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று தெரிய வந்தது. மனித உடல், தனக்குள் வரும் வேதிப்பொருளை எப்போதும் வந்தபடியே வெளியே அனுப்புவதில்லை. பென்சாயிக் அமிலத்தோடு கிளைசின் என்ற சிறு மூலக்கூறைக் கோத்து, நீரில் எளிதாகக் கரையும் வேறொரு பொருளாக்கி வெளியே தள்ளுகிறது. மருந்து உடலுக்குள் உருமாறிக் கிடைக்கும் இந்தப் புதிய பொருளைத்தான் இன்றைய ஆய்வகத்தார் ‘மெட்டபொலைட்’ என்கிறார்கள்.

உருமாறியது தெரிந்தது. எவ்வளவு உருமாறியது, எப்போது, யாருடைய உடலில் என்று அளப்பதற்கு இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. காரணம் எளிது. அளப்பவர்களிடம் இருந்த ஒரே கருவி கண்; கண்ணுக்குத் தெரிந்தது நிறம் மட்டுமே.

சிறுநீரைப் பார்த்து நோய் அறியும் மரபு தமிழ் மண்ணிலும் ஆழமானது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. நீர்க்குறியில் நிறம், மணம், நுரை போன்றவற்றைப் பார்ப்பார்கள். நெய்க்குறியில் காலைச் சிறுநீரின் மேல் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்பாக ஓடுகிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று கவனிப்பார்கள். தேரையர் பெயரில் வழங்கும் பாடல்கள் இதை விரிவாகச் சொல்கின்றன. இடைக்கால ஐரோப்பாவிலும் மருத்துவரின் அடையாளமே கையில் தூக்கிப் பிடித்த சிறுநீர்க் குடுவைதான். அங்கும் நிறத்தை வைத்துத்தான் நோயைச் சொன்னார்கள். இந்த மரபுகளைக் குறைத்துப் பேச இங்கே எதுவும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் நவீன வேதியியலும் மருந்தை அளக்கத் தொடங்கியபோது நிறத்தையேதான் பற்றிக்கொண்டது.

அந்த நூற்றாண்டின் முதல் பெரிய பாடமே ஒரு சாயத்திலிருந்து வந்தது. 1935-இல் கெர்ஹார்ட் டோமாக் அறிவித்த ‘பிரான்டோசில்’ சிவப்பு நிறச் சாயம். நோய்க்கிருமி தொற்றிய எலிகளை அது காப்பாற்றியது. சோதனைக் குழாயில் இருந்த கிருமிகளையோ ஒன்றும் செய்யவில்லை. அதே ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ழாக், தெரேஸ் ட்ரெஃபூயெல் தம்பதியும் ஃபெடரிகோ நிட்டியும் டானியல் போவெட்டும் விடை கண்டார்கள். உடல் அந்தச் சாயத்தை இரண்டாக வெட்டுகிறது. வெட்டுப்பட்ட ஒரு பாதியான சல்ஃபனிலமைடுதான் உண்மையான மருந்து. 1937-இல் லண்டனில் ஃபுல்லர், பிரான்டோசில் சாப்பிட்ட நோயாளிகளின் சிறுநீரிலிருந்தே சல்ஃபனிலமைடைப் பிரித்துக் காட்டினார். சிவப்பு நிறத்துக்கும் நோய் தீர்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலை செய்தது நிறமற்ற துண்டு.

நிறமற்ற ஒன்றை எப்படி அளப்பது? 1939-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிராட்டனும் மார்ஷலும் சொன்ன வழி, அதற்கு நிறம் ஏற்றிவிடுவது. இரத்தத்திலோ சிறுநீரிலோ உள்ள சல்ஃபனிலமைடோடு சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீலமும் சிவப்பும் கலந்த நிறம் ஏறும்; எவ்வளவு ஆழமான நிறமோ அவ்வளவு மருந்து. கூடவே ஒரு நுட்பமும் இருந்தது. உடல் அசிட்டைல் தொகுதியைக் கோத்து உருமாற்றிய சல்ஃபனிலமைடுக்கு இந்த நிறம் ஏறாது. அமிலத்தோடு கொதிக்கவைத்துப் பிளந்தால் ஏறும். ஆகவே முதலில் ஒரு முறை அளந்து, கொதிக்கவைத்து இன்னொரு முறை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மெட்டபொலைட்டின் அளவு. கழித்தல் கணக்கில் கிடைத்த மெட்டபொலைட்! பல ஆண்டுகளுக்கு மருந்தியல் உலகம் இந்தக் கணக்கில்தான் ஓடியது.

இரண்டாம் உலகப்போரில் ஜாவா ஜப்பான் வசம் போனதும் நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து நின்றுவிட்டது. மலேரியா சிகிச்சையில் அதற்கு மாற்றாக இருந்த ‘அட்டப்ரின்’ மாத்திரையை எவ்வளவு கொடுப்பது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றுத் தீவில் இருந்த கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானனின் குழு இதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த பெர்னார்ட் பிரோடி, விழுங்கிய அளவை நம்பாமல் பிளாஸ்மாவில் உள்ள அளவைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார்கள். மருந்து திசுக்களில் போய் ஒட்டிக்கொள்கிறது, இரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறுகிறது என்று தெரிந்தது. முதல் நாள்களில் அதிகம், பிறகு குறைவு என்று வேளையளவு மாற்றி அமைக்கப்பட்டது.

1946-இல் பிரோடியிடம் ஜூலியஸ் ஆக்சல்ராட் வந்து சேர்ந்தார். அப்போது அவரிடம் முனைவர் பட்டம் கிடையாது. வைட்டமின்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அம்மோனியா புட்டி வெடித்து இடது கண்ணின் பார்வையை இழந்தவர். அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி, 1886 முதல் காய்ச்சலுக்கும் வலிக்கும் விற்றுவந்த அசெட்டனிலைடு ஏன் சிலருடைய இரத்தத்தைக் கெடுத்து உடலை நீலம் பாரிக்கச் செய்கிறது என்பது. உடலில் அது அனிலின் ஆக மாறுகிறதோ என்று இருவரும் ஊகித்தார்கள். இரத்தத்திலும் சிறுநீரிலும் அனிலினை அளக்க முறை வகுத்துத் தேடினார்கள், இருந்தது. ஆனால் மிகச் சிறு பகுதிதான். மருந்தின் பெரும்பகுதி வேறொரு பொருளாகியிருந்தது, வலியைத் தீர்த்ததும் அதுதான். 1948-இல் அவர்கள் கட்டுரை வந்தது. அந்தப் பொருளின் பெயர் பாராசிட்டமால். இன்று எந்தத் தெருமுனை மருந்துக்கடையிலும் கேட்டவுடன் கிடைக்கும் மாத்திரைக்கு அறிவியல் ஆதாரம் தந்தவர்கள், இன்னொரு மருந்தின் மெட்டபொலைட்டைத் தேடிப் போனவர்கள். ஆக்சல்ராட் 1970-இல் வேறொரு பணிக்காக நோபல் பரிசு பெற்றார்.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் உரிய இடம் உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து இங்கே காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. காசநோயாளியை சானடோரியத்தில் படுக்கவைத்துத்தான் ஆக வேண்டுமா, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதாதா என்பது கேள்வி. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 1959-இல் வெளியானது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. உலகமே காசநோயைப் பார்க்கும் விதம் அதோடு மாறியது. ஆனால் வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்குகிறார் என்பதற்கு என்ன சான்று? மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியின் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். மீதி மாத்திரைகளை எண்ணுவார்கள், சிறுநீரைக் கேட்டு வாங்கி வருவார்கள். அதில் மருந்தின் தடம் இருக்கிறதா என்று நிறச் சோதனை சொல்லும்.

அங்கே இன்னொரு கேள்வியும் எழுந்தது. ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை மனித உடல் அசிட்டைல் ஏற்றிச் செயலிழக்கச் செய்கிறது. சிலர் உடல் அதை விரைவாகச் செய்யும், சிலர் உடல் மெதுவாக. இது பிறப்போடு வருவது, பெற்றோர் வழி வருவது என்று 1960-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னையில் கங்காதரமும் அவருடைய சக ஆய்வாளர்களும் தென்னிந்திய நோயாளிகளிடம் அந்த வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். இரத்தத்தில் மருந்தை அளக்க அவர்கள் பிடித்த வழி அழகானது. காசநோய்க் கிருமியையே அளவுகோலாக்கினார்கள். நோயாளியின் சீரம் கிருமி வளர்ச்சியை எவ்வளவு தடுக்கிறதோ, அதிலிருந்து மருந்தின் அளவு தெரியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மெதுவாக மாற்றுபவர்களுக்கு மருந்து உடலில் தங்கித் தங்கிக் கை கால் எரிச்சலும் மரத்துப்போதலும் அதிகம் வந்தது. தினமும் 6 மில்லிகிராம் பைரிடாக்சின் என்ற வைட்டமினைக் கொடுத்தாலே அதைத் தடுக்கலாம் என்று சென்னை மையம் 1963-இல் காட்டியது. விரைவாக மாற்றுபவர்களின் சிக்கல் வேறு. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் மருந்து தரும் சிகிச்சையில் அவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு பேர். ஆனாலும் இரண்டு வேறு சிகிச்சைகள்.

கிருமியை வளர்த்து அளக்க நாள்கள் ஆகும். நிறம் ஏற்றி அளந்தாலோ அதே நிறம் பிடிக்கும் வேறொரு பொருள் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும். அளப்பதற்கு முன் பிரிக்க வேண்டும். அந்தப் பிரிக்கும் வித்தை வேறொரு துறையில், மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், முன்பே பிறந்திருந்தது.

வார்சாவில் பணிபுரிந்த ரஷ்யத் தாவரவியலர் மிகையீல் ஸ்வெட், 1903-இல் அங்கிருந்த இயற்கையியலாளர் சங்கத்தில் ஒரு சோதனையைப் பற்றிப் பேசினார். கண்ணாடிக் குழாயில் தூள் பொருளை இறுக நிரப்பி, இலைச்சாற்றை மேலே ஊற்றி, அதன்மேல் கரைப்பானை விட்டால், சாறு இறங்க இறங்கப் பச்சை, மஞ்சள் வளையங்களாகப் பிரியும். 1906-இல் இதற்கு ‘குரோமட்டோகிராபி’ என்று பெயரிட்டார். நிற எழுத்து என்று பொருள். தமிழ்ப் பாடநூல்களில் ‘வண்ணப்பிரிகை’. ரஷ்ய மொழியில் ‘ஸ்வெட்’ என்றாலே நிறம்தான். தன் பெயரையும் அதற்குள் ஒளித்துவைத்தாரோ என்று ஆய்வாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1919-இல் அவர் இறந்தபோது இந்த முறையைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவே இல்லை. 1931-இல் ஹைடல்பர்க்கில் ரிச்சர்ட் கூனின் ஆய்வகம்தான் அதை மறுபடி கையில் எடுத்தது.

அடுத்த தாவல் கம்பளித் தொழிலின் ஆய்வகத்தில் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளி நாரின் அமினோ அமிலங்களைப் பிரிக்க முயன்ற ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1941-இல் எழுதிய கட்டுரைக்காக 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கட்டுரைக்குள் ஒரு குறிப்பு இருக்கிறது. குழாயில் நிரப்பும் துகள்கள் மிகச் சிறியதாக இருந்து, திரவம் பெரிய அழுத்த வேறுபாட்டில் தள்ளப்பட்டால் பிரிதல் மிகக் கூர்மையாகும் என்பது அது. அதைச் செய்துகாட்ட கால் நூற்றாண்டு ஆனது. 1956 எழுச்சிக்குப் பின் ஹங்கேரியை விட்டு வெளியேறிய சாபா ஹோர்வாத், 1960-களின் நடுவில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அழுத்தம் கொடுத்துத் திரவத்தைத் தள்ளும் கருவியைக் கட்டினார். ஜிம் வாட்டர்ஸ் இவ்வகைக் கருவியை விற்பனைப் பொருளாக்கினார். வைட்டமின் பி12-ஐச் செயற்கையாக உருவாக்கப் போராடிய ராபர்ட் உட்வர்டின் ஹார்வர்ட் ஆய்வகத்துக்கே கருவியோடு நேரில் போய், உருவொத்த இரட்டையர் போன்ற மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டினார். சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வேதியியலர்கள் வரிசையில் நின்றது அதன் பிறகுதான். 1970-களின் தொடக்கத்தில் வந்த அவருடைய பம்ப் சதுர அங்குலத்துக்கு 6,000 பவுண்ட் அழுத்தம் தரும். கார் டயரில் அடிக்கும் காற்று சுமார் 30 பவுண்ட்தான்.

மருந்துகளுக்கென்றே பொருந்தியது அந்தக் குழாயின் உள் நிரப்பு. சிலிக்கா மணிகளின் மேல் 18 கார்பன் நீளச் சங்கிலிகளை மயிர்போல் நட்டுவைத்தார்கள். ஆகவே குழாயின் உட்புறம் எண்ணெய்த் தன்மை கொண்டது. எண்ணெயை விரும்பும் மூலக்கூறு அதில் ஒட்டித் தயங்கும். நீரை விரும்புவது முந்தி ஓடிவிடும். உடலோ, எண்ணெய்த் தன்மை கொண்ட மருந்தை நீர்த் தன்மை கொண்ட மெட்டபொலைட்டாக மாற்றுவதையே தொழிலாகக் கொண்டது. அதனால் கல்லீரல் போட்ட அடையாளத்தையே இந்தக் குழாய் படித்துச் சொல்லிவிடும். பொதுவாக மெட்டபொலைட் முன்னால் வரும், மூல மருந்து பின்னால் வரும். வெளியே வருவதைப் புற ஊதா ஒளி பார்க்கும். நிற எழுத்து என்று பெயர் பெற்ற கலை, நிறமே இல்லாதவற்றைப் படிக்கத் தொடங்கியது.

இந்தக் கருவி ஒரு நகரத்தின் மருத்துவமனைக்குள் நுழைந்து உயிர்களோடு நேரடியாகப் பிணைந்த இடம் எடின்பரோ.

1966-இல் அந்த ஸ்காட்லாந்து நகரத்தின் மருத்துவர்கள் டேவிட்சனும் ஈஸ்ட்ஹாமும், பாராசிட்டமாலை அளவுக்கு மீறி உட்கொண்டவர்களின் கல்லீரல் அழிந்ததை முதன்முதலில் எழுதினார்கள். சாதுவான மாத்திரை என்று எல்லோரும் நம்பியது அது. அதைவிடக் கொடியது அதன் மௌனம். நோயாளி முதல் நாள் தெளிவாகப் பேசுவார், வாந்தியைத் தவிர வேறு தொந்தரவு இராது. இரண்டு மூன்று நாளில் கல்லீரல் சாயும்போது மருத்துவரால் செய்வதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தம்தான் சொல்ல வேண்டும்.

எடின்பரோ ராயல் மருத்துவமனையின் நஞ்சுச் சிகிச்சைப் பிரிவில் லாரி பிரெஸ்காட் அந்த இரத்தத்தைப் படிக்கத் தொடங்கினார். பாராசிட்டமாலின் அளவு பாதியாகக் குறைய 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்தால் கல்லீரல் அடிபடுகிறது என்று 1971-இல் காட்டினார். 1973-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெர்ரி மிட்செல் குழு காரணத்தைக் கண்டது. அந்தக் குழுவில் பிரோடியும் இருந்தார். பாராசிட்டமாலின் பெரும்பகுதியை உடல் குளுக்குரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாற்றிச் சாந்தமாக வெளியே அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் மூர்க்கமான இடைப்பொருளாக மாறும். கல்லீரலில் உள்ள குளூட்டதையோன் அதைப் பிடித்து அடக்கிவிடும். மருந்து அளவுக்கு மீறினால் சல்பேட் பாதை நிரம்பி வழியும், குளூட்டதையோன் தீர்ந்துபோகும். பிறகு அந்த இடைப்பொருள் கல்லீரலின் புரதங்களிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். மருந்து கொல்லவில்லை, மெட்டபொலைட் கொன்றது.

காரணம் தெரிந்ததும் மாற்று மருந்தும் தெரிந்தது. குளூட்டதையோனை மீண்டும் நிரப்ப உதவும் பொருள் வேண்டும். 1974-இல் பிரெஸ்காட் சிஸ்டியமைனைக் கொடுத்துப் பார்த்தார். வேலை செய்தது, ஆனால் நோயாளியைக் குமட்டலில் வாட்டியது. 1977-இல் அசிட்டைல்சிஸ்டீன், அதுதான் இன்றுவரை உலகெங்கும் கொடுக்கப்படுகிறது. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பிக்கும். யாருக்குக் கொடுப்பது என்பதற்கு 1975-இல் ரூமாக், மேத்யூ இருவரும் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். உட்கொண்ட 4 மணி நேரத்தில் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 200 மைக்ரோகிராம், 12 மணியில் 50 மைக்ரோகிராம். இந்த இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே இருந்தால் ஆபத்து. பின்னாளில் பல நாடுகள் அந்தக் கோட்டை இன்னும் கீழே இறக்கின.

கோடு சரி, அளவு சரியாக இருந்ததா? இங்கேதான் பழைய நிறக்கணக்கு காலை வாரியது. மருத்துவமனைகள் பயன்படுத்திய சில நிறமுறைகளுக்குப் பாராசிட்டமாலுக்கும் அதன் குளுக்குரோனைடுக்கும் வேறுபாடு தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நிறமாகக் காட்டின. உடல் ஏற்கெனவே சாந்தப்படுத்திவிட்ட மெட்டபொலைட்டும் விஷக்கணக்கில் ஏறியது. உண்மையான அளவைவிடப் பல மடங்கு அதிகம் காட்டிய முடிவுகளும் உண்டு. இப்படிப்பட்ட முறைகளை அவசரச் சிகிச்சையில் பயன்படுத்தாதீர்கள் என்று பிரெஸ்காட்டும் அவருடைய சகாக்களும் 1979-இல் எச்சரித்து எழுதினார்கள்.

எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள்? அதே நகரத்தின் பல்கலைக்கழகத்தில் ஜான் நாக்ஸ் என்ற இயற்பிய வேதியியலர், திரவக் குரோமட்டோகிராபிக்கென்றே ஒரு தனி ஆய்வுப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். சிறுநீரில் பாராசிட்டமாலையும் அதன் மெட்டபொலைட்டுகளையும் ஒரே ஓட்டத்தில் பிரித்து அளக்கும் முறையை அவரும் ஜுரண்டும் 1977-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஹோவி, ஏட்ரியான்சென்ஸ், பிரெஸ்காட் மூவரும் அளவு மீறி உட்கொண்ட நோயாளிகளிடமே இந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள். கருவி வரையும் கோட்டில் குளுக்குரோனைடு தனி முகடு, சல்பேட் தனி முகடு, பாராசிட்டமால் தனி முகடு, குளூட்டதையோன் பிடித்து அடக்கியதன் மிச்சங்களான சிஸ்டீன், மெர்கப்ட்யூரிக் அமிலத் துண்டுகள் தனி முகடுகள். எந்தப் பாதையில் எவ்வளவு போனது என்பது காகிதத்தில் மலைத்தொடராக விரிந்தது. ஒரே நகரத்தில் நஞ்சுச் சிகிச்சைப் பிரிவும் வேதியியல் துறையும் இருந்ததன் பலன் இது. இந்த வரலாற்றில் இவ்வளவு நேர்த்தியாக அமைந்த சந்திப்பு வேறில்லை.

அந்நாள் ஆய்வகத்தில் ஒரு மாதிரியின் பயணத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். இரத்தக் குழாயை மையவிலக்கில் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதில் ஒரு துளியளவு எடுத்துப் பெர்க்ளோரிக் அமிலமோ அசிட்டோநைட்ரைலோ சேர்த்தால், எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரிந்து புரதம் வெள்ளையாகப் படியும். மறுபடி சுழற்றி, தெளிந்த நீரில் இருபது மைக்ரோலிட்டரை ஊசியால் செலுத்துவார்கள். பம்ப் சீராகத் துடிக்கும். வரைவி முள் அடிக்கோட்டில் ஊர்ந்துகொண்டே இருந்து, திடீரென்று மேலே ஏறி இறங்கும். அந்த முகட்டின் பரப்புதான் அளவு. கணினி வருவதற்கு முன் பரப்பைக் காண சிலர் முகட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து நுண்தராசில் காகிதத்தை நிறுத்தார்கள். சிறுநீர் என்றால் நத்தையின் செரிமானச் சாறும் உதவிக்கு வரும். அதிலுள்ள நொதி குளுக்குரோனைடைப் பிளந்து மருந்தை விடுவிக்கும். இந்தக் குழாயை நம் ஆய்வகங்களில் ‘காலம்’ என்றுதான் சொல்கிறார்கள், ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பு அப்படி. எந்த மூலக்கூறு எத்தனை நிமிடம் தங்கியது என்பதை வைத்து அதை அடையாளம் காணும் ஒரு கருவிக்குத் தமிழ்க் காதில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

எடின்பரோ பாடம் வேறு இடங்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. 1980-களில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்த சைக்ளோஸ்போரினை எதிர்ப்பொருள் சோதனையால் அளந்தபோது, அதன் மெட்டபொலைட்டுகளும் சேர்ந்து கணக்கில் ஏறின. பிரித்து அளந்த இடங்களில்தான் உண்மை அளவு தெரிந்தது. ஒவ்வாமைக்கான டெர்ஃபெனடின் இன்னொரு கதை. சாதாரணமாக உடல் அதை ஏறக்குறைய முழுவதும் உருமாற்றிவிடும், இரத்தத்தில் மூல மருந்து தென்படவே தென்படாது. 1990-இல் ஒரு நோயாளியின் இதயத்துடிப்பு தாறுமாறானபோது, இரத்தத்தில் உருமாறாத டெர்ஃபெனடின் இருந்தது. கூடவே எடுத்துக்கொண்ட பூஞ்சை மருந்து, அதை மாற்றும் நொதியை முடக்கியிருந்தது. அந்த மருந்து சந்தையிலிருந்து போனது. இத்தனை நாளும் உண்மையில் வேலை செய்துவந்த அதன் மெட்டபொலைட், ஃபெக்சோஃபெனடின் என்ற பெயரில் 1996-இல் தனி மருந்தாகவே வந்தது.

புற ஊதா ஒளிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் வெளிவரும் இரண்டு பொருள்களை அது பிரித்தறியாது. மூலக்கூறின் எடையைப் பார்க்கும் நிறைமானியைக் குழாயின் வாயில் இணைத்தால் நல்லது. ஆனால் குழாயிலிருந்து திரவம் கொட்டுகிறது, நிறைமானிக்கோ வெற்றிடம் வேண்டும். ஹோர்வாத் பணியாற்றிய அதே யேலில் ஜான் ஃபென் 1980-களில் இதற்கு வழி கண்டார். திரவத்தை மின்னேற்றிய நுண்துளிகளாகத் தெளித்தால் துளி ஆவியாகி மூலக்கூறு மட்டும் மின்னேற்றத்தோடு உள்ளே போகும். 2002-இல், தம் 85-ஆம் வயதில், நோபல் பரிசில் பங்கு பெற்றார். இதை மருந்து அளக்கும் அன்றாடத் தொழிலாக்கியவர்களில் முன்னோடி கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹீனியன். அவருடைய ஆய்வகத்தின் வேலை பந்தயக் குதிரைகளின் சிறுநீரில் ஊக்கமருந்து தேடுவது. லீபிக்கின் குதிரைக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கழித்து மறுபடியும் குதிரைகள்!

2003-இல் இந்தக் கருவி உலகச் செய்தியானது. லாஸ் ஏஞ்சலீஸில் டான் கேட்லினின் ஆய்வகத்துக்கு ஒரு பயிற்சியாளர் கொடுத்தனுப்பிய ஊசியின் மிச்சம் வந்து சேர்ந்தது. அதில் இருந்த டிஎச்ஜி என்ற ஸ்டீராய்டு, வழக்கமான வாயுக் குரோமட்டோகிராபிச் சோதனையின் தயாரிப்பிலேயே சிதைந்துவிடும். யாரும் பிடிக்க முடியாதபடி உருவாக்கப்பட்ட பொருள் அது. திரவக் குழாயும் இரட்டை நிறைமானியும் சேர்ந்து அதைச் சிறுநீரில் பிடித்தன. சுட வேண்டியதில்லை, உருமாற்ற வேண்டியதில்லை. வந்தபடியே பிரித்து எடை பார்த்துவிட முடிந்தது.

சென்னையில் அந்தக் காசநோய் மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கிருமியை வளர்த்து மருந்தை அளந்த அதே நிறுவனத்தில், 2000-களில் தொடங்கி ரிஃபாம்பிசினையும் ஐசோனியசிடையும் பைரசினமைடையும் திரவக் குரோமட்டோகிராபியில் அளந்தார்கள். குழந்தைகளிடம் பார்த்தார்கள், எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்த நோயாளிகளிடம் பார்த்தார்கள். எடைக்கு ஏற்ப மாத்திரை கொடுத்தும் பலர் இரத்தத்தில் போதிய மருந்து ஏறவில்லை என்பது முகடுகளில் தெரிந்தது. விரைவாக மாற்றுபவர், மெதுவாக மாற்றுபவர் என்ற 1961-ஆம் ஆண்டின் வேறுபாடு அங்கேயும் கண்ணில் பட்டது.

லீபிக்கின் ஹிப்யூரிக் அமிலத்துக்கும் இன்று வேலை இருக்கிறது. பெயின்ட், தின்னர், அச்சு மை, பசை ஆகியவற்றில் உள்ள டொலுயீனை நாளெல்லாம் சுவாசிக்கும் தொழிலாளியின் உடல், அதைப் பென்சாயிக் அமிலமாக்கி, பிறகு கிளைசின் கோத்து ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் விடுகிறது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சிறுநீரை வாங்கி திரவக் குரோமட்டோகிராபியில் ஓட்டினால், அவர் எவ்வளவு சுவாசித்தார் என்று கணக்கிடலாம். தொழிற்சாலை நலப் பரிசோதனையில் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தார்கள். ஆனால் குளிர்பானங்களில் கெடாமல் இருக்கச் சேர்ப்பது சோடியம் பென்சோயேட். அதுவும் உடலுக்குள் கெல்லரின் பாகைப்போலவே ஹிப்யூரிக் அமிலமாகிவிடும். முகட்டைப் பார்த்து இது தின்னரா, குளிர்பானமா என்று சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது, இரண்டும் ஒரே மூலக்கூறு. அதனால் ஆர்த்தோ-கிரெசால் என்ற வேறொரு மெட்டபொலைட்டைத் தேட ஆரம்பித்தார்கள். ஹிப்யூரிக் அமிலத்தையே இன்னும் அளக்கும் ஆய்வகங்களில், குப்பியை நீட்டும் தொழிலாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவற்றில் ஒன்று, இன்று அவர் குளிர்பானம் ஏதாவது குடித்தாரா என்பது.